புழு டப்பாவுக்கு ஒரு பூட்டு

இது போதாது தம்பி, இன்னும் பெரிய பூட்டா போடுங்க. சிரிக்காதீங்க. ஃப்ரிட்ஜுக்கு யாராவது பூட்டு போடுவாங்களான்னா... திருடி வீட்டுக்குள்ளயே இருந்தா போடத்தான் செய்வாங்க. எங்க நாத்தனாரைத்தான் சொல்றேன். வீட்டுக்காரரோட தங்கச்சி.

என்ன திருடினாளா? புழு!

ஐயோ, கையை எடுக்காதீங்க, உள்ள ஒண்ணும் இல்ல. இருந்ததைத்தான் அவ தூக்கிட்டாளே!

நாங்க ரெண்டு பேருக்கும் மீன் கம்பெனியில வேலை. கண்ணாடி மேசை, அடியில லைட்டு. தோல் உரிச்ச கடல் மீன் துண்டை அது மேல வெச்சா, சதைக்குள்ள புழுக்குஞ்சு சுருண்டு படுத்திருக்கிறது நிழலாத் தெரியும். இடுக்கியால இழுத்துக் கிண்ணத்துல போடணும். மீனு கடல்ல கண்டதைத் தின்னு வாங்கிட்டு வந்த வினை. நல்லா வேக வெச்சா செத்துரும், ஆனா தட்டுல புழுவைப் பார்த்தா யாரு சும்மா விடுவா? நீங்க மீன் சாப்பிடுவீங்களா? ...சாப்பிடுவீங்க, சாப்பிடுவீங்க. ரெண்டு நாள்ல மறந்துரும்.

ஷிஃப்ட் முடிஞ்சதும் சூப்பர்வைசர் கிண்ணத்தை எண்ணுவார். அன்னைக்கு யாரு அதிகம் எடுத்தாங்களோ அவங்கதான் அடுத்த நாளைக்கு மேசைத் தலைவி. தலைவிக்கு நாற்காலி தம்பி, நாற்காலி! மத்தவங்க நிக்கணும். நான் ஒன்பது வருஷமா நிக்கிறேன். முட்டி ரெண்டும் என்னைத் திட்டாத நாளில்ல.

இவ வந்து மூணு மாசம்தான். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வேலை வாங்கிக் கொடுத்தேன். ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிடுறவ, நேத்து இருபது புழு எடுத்திருக்கா! நான் ஏழு. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தா என் டப்பாவைக் காணோம். உப்புத் தண்ணியில பதினேழு போட்டு வெச்சிருந்தேன். அவளோடது மூணு, என்னோடது பதினேழு. எவ்வளவு ஆச்சு? அதான்!

வீட்டுல ஏன் வெச்சேனா? ...நிறைய கிடைக்கிற நாள்ல கொஞ்சம் ஒதுக்கி, கிடைக்காத நாள்ல சேர்த்துக்குவேன். எல்லாரும் செய்யறதுதான். ...சரி, நான் மட்டும்தான்.

சும்மா விட்டேனா? மிச்சமிருந்த நூடுல்ஸைத் துண்டு துண்டா நறுக்கி, அதே மாதிரி ஒரு டப்பாவுல வெச்சேன். எடுத்துட்டுப் போய் மாட்டட்டும்னு! இன்னைக்குக் காலையில பஸ்ஸுக்கு ஓடற அவசரம்... பழக்கதோஷம்... என் கையே அதை எடுத்து என் பையில போட்டுருச்சு. மேசைக்கு அடியில மறைச்சு வெச்சுக் கொட்டறதை உத்துப் பார்த்தா கொட்ட முடியும்?

முப்பது! எல்லாரும் கை தட்டினாங்க. நாற்காலியில உக்காந்தேன் தம்பி. அந்தச் சுகம்... கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்பப் பார்த்து நாத்தனார் ஒண்ணை எடுத்து லைட்டுல பிடிச்சு, "அண்ணி, இந்தப் புழுவுல வெங்காயம் ஒட்டியிருக்கே"ங்கிறா! எனக்கு வந்துச்சே கோபம்... "என் டப்பாவிலருந்து பதினேழு புழு திருடினவ நீ, நீ பேசறியா?"ன்னு கத்திட்டேன். சூப்பர்வைசர் மெதுவா, "எந்த டப்பாம்மா?"ன்னார்.

இப்ப நாற்காலியில அவ. எனக்கு நாளையிலருந்து குடல் கழுவற இடம். அங்கயும் நின்னுக்கிட்டுதான்.

என்ன, பால் பாத்திரத்தை நகர்த்தணுமா? நகர்த்துங்க. பின்னாடி என்னது அது, என் டப்பா மாதிரி இருக்கே? கொடுங்க இப்படி. ...இருங்க, எண்ணிப் பாக்கறேன். பதினஞ்சு, பதினாறு... பதினேழு.

...அப்போ அந்த இருபதும் அவளே எடுத்ததா?

எல்லார் முன்னாடியும் திருடின்னுட்டேனே தம்பி! 

எங்க கிளம்பிட்டீங்க? இது நெளியுதுன்னா? ஃப்ரிட்ஜ் குளிருக்கெல்லாம் அது சாகாது தம்பி, அவ்வளவுதான். நில்லுங்க, அவ வர்ற நேரமாச்சு... அந்தப் பூட்டை வாசக்கதவுக்காவது போட்டுட்டுப் போங்க!