கோவிந்தம்மா கொடுத்த மாத்திரை

மண்ணூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு மோர் கிடைக்கும் ஐயா. வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறான், பாவம் என்று கேட்காமலே சொம்பில் கொண்டுவந்து நீட்டுவார்கள். எபினேசர் வந்தால் ஏதோ நல்ல காரியமாகத்தான் வந்திருப்பான் என்று நினைப்பு. அந்த நம்பிக்கையை நான் கெடுத்ததில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தோலில் செதில் செதிலாகப் படை உதிர்ந்து, கூடவே மூட்டும் வீங்கி முடங்கிப்போகிறதே, சோரியாசிஸ், அதற்கு மெட்ராஸ் டாக்டர்கள் ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நோயாளிகளைத் தேடிச் சேர்ப்பது என் பொறுப்பு. சோதனைக்கு முந்தைய ஒரு மாதம் அவர்கள் வேறு எந்த மருந்தும் சாப்பிடாமல் பார்த்துக்கொள்வதும் நான்தான். பழைய மருந்து உடம்பில் இருந்தால் புது மருந்தின் குணம் எப்படித் தெரியும்? டாக்டர் மதிவதனி இதை விளக்கியபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

என் மனைவி கிரேசிக்கும் இதே நோய்தான். விரல்கள் கோணிவிட்டன. ஜாக்கெட் ஊக்கை நான்தான் போட்டுவிடுவேன். சர்ச்சில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், தொழுநோய் என்று பயம். காலையில் பாதத்தைத் தரையில் ஊன்றும்போதெல்லாம், "இன்னாங்க, என்ன எங்கனா வுட்டுட்டு வந்துடுங்க" என்பாள். கட்டினவன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

பத்துப் பேர் சேர்ந்தால் மண்ணூரிலேயே கிளினிக் நடத்தலாம், இல்லாவிட்டால் எல்லாரும் வாராவாரம் மெட்ராஸுக்கு வர வேண்டும் என்றார் டாக்டர். கிரேசியால் பஸ் படி ஏற முடியாது. அவளையும் சேர்த்து ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பத்தாவது ஆள் கோவிந்தம்மா.

அவருக்குப் படையும் இருந்தது, மூட்டு வீக்கமும் இருந்தது. ஆனாலும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். அதுதான் எனக்கு உறுத்தியது. படப்பையில் ஒரு கடையில் பேரில்லாத சின்ன வெள்ளை மாத்திரை கொடுப்பார்கள், வலி பறந்துவிடும். வருஷக்கணக்காக அதைத்தான் விழுங்குகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வேற மருந்து எதனா சாப்புடுறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணியும் இல்ல தம்பி."

அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதைத்தானே நான் எழுத முடியும்.

மறுவாரம் போய், ஒளித்து வைத்திருப்பதைக் கொடுத்துவிடச் சொன்னேன். இந்த வருஷம் மே மாதம் பக்கத்திலேயே குண்டு வெடித்துத் தலைவர் இறந்த பிறகு, எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் போலீசுக்கு வீட்டைத் திறந்து காட்டிக் காட்டிப் பழகிவிட்டது. அவரும் அரிசிப் பானை, அஞ்சறைப் பெட்டி என்று ஒன்றொன்றாகத் திறந்து காட்டினார். கண் மட்டும் வல்லக்கோட்டை முருகன் படத்துக்கே போய்ப் போய் வந்தது. கிறிஸ்தவன், சாமி படத்தைத் தொட மாட்டான் என்ற தைரியம். நானும் தொடவில்லை. படத்துக்கு எதிரே உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் அவரே படத்தைச் சாய்த்து, பின்னாலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார். உள்ளே நிறைய மாத்திரை.

"இத்த எடுத்துக்கினு போவாத தம்பி. இது இல்லன்னா நான் எழுந்தே நிக்க மாட்டேன்பா."

"புது மருந்து வருதுக்கா. ஒரு மாசம் பொறுத்துக்கோங்க."

"பாதியாச்சும் வுட்டுட்டுப் போயேன்."

பாதி விட்டால் விதிமுறை என்ன ஆவது? அவர் தன் கையால் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். நான் பிடுங்கினதாக அவர் மகன் கண்ணப்பன் புகாரில் எழுதியிருப்பது சரியில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஷிப்ட் முடிந்த கையோடு கண்ணப்பன் என்னிடம் ஓடிவந்தான். "அண்ணே, அம்மாவுக்கு ஒடம்பெல்லாம் செவந்து சீழ் கட்டிக்கினு கீது. நிக்க வெச்சா மயங்கி வுழுது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவட்டா?"

போய்ப் பார்த்தேன். தோல் முழுக்க நெருப்பாகச் சிவந்து, பொடிப் பொடியாகச் சீழ்க்கொப்புளம். உடம்பு கொதிக்கிறது, ஆனால் குளிரில் பல் கிட்டிக்கொள்கிறது. குடித்த கஞ்சி தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டால் சோதனையில் சேர முடியாது, இத்தனை நாள் பட்ட பாடும் வீண் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "பழைய மருந்து வெளிய போவுது கண்ணப்பா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். நம்பினான். கோவிந்தம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு குடு தம்பி" என்றார். என் கையில் அப்போது இல்லை.

மூன்றாம் நாள் இறந்துபோனார். நான் அழுதேன் ஐயா, அது பொய்யில்லை. பத்துப் பேர் பதிவாகியிருந்ததால் கிளினிக் மண்ணூரிலேயே தொடங்கியது.

டப்பா எங்கே போனது என்று கேட்கிறீர்கள். என் வீட்டுக்குத்தான். அந்த ஒரு மாதம் கிரேசியும் மருந்தில்லாமல் இருக்க வேண்டியவள்தானே. அவள் கொல்லைப்பக்கம் தவழ்ந்து போனதை நான் பார்த்தேன். சத்து மாத்திரை என்று சொல்லி ஒன்று கொடுத்தேன். இரண்டு நாளில் ஊக்கை அவளே போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை வருஷமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. அப்புறம் எப்படி நிறுத்துவது? டப்பா தீர்ந்ததும் நானே படப்பைக்குப் போய் வாங்கி அதிலேயே நிரப்பினேன். டாக்டர் மதிவதனி அவள் விரல்களை மடக்கிப் பார்த்து, புது மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கக் கூப்பிட்டேன், கண்ணப்பன் வந்தான். ஜன்னலோரம் அவன் அம்மாவின் டப்பா. மூடியில் குங்குமம் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கோவிந்தம்மாவுக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு உபகாரம் வேண்டும். நேற்றிலிருந்து நான் ஸ்டேஷனில் இருக்கிறேன். வீட்டில் டப்பா காலி. அது என்ன மாத்திரை என்றே கிரேசிக்குத் தெரியாது, யாரிடம் போய்க் கேட்பாள்? யாரையாவது படப்பைக்கு அனுப்புங்கள் ஐயா, உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தோலெல்லாம் சிவந்து, சீழ் வைத்து, ஆளே போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.