ஒரிஜினல் சீட்

மத்தியானம் மூன்று மணி. ஆமாம் கண்ணுகளா, மத்தியானம்தான்... இதெல்லாம் ராத்திரியில் மட்டும்தான் நடக்கும் என்று யார் சொன்னது?

ஊரைத் தாண்டிப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் காய்ந்த வெளி. ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை. முன்னால் ஒரு குட்டி லாரி ஊர்கிறது. அதன் பின்னால் கயிறு கட்டி இழுபடுகிறது, அறுபது வயதான ஓர் உருண்டை முதுகுக் கார். இன்ஜினுக்கு உயிர் கிடையாது. வளைவில் திருப்ப யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமே... அதற்காக உள்ளே ஒருத்தி, தனியாக.

என் சிநேகிதிக்கு ஒன்றுவிட்ட தங்கை அவள். தையல்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவள். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? நல்லது. இனி கதை முடிகிறவரை யாரும் வாயில் எதையும் போடாதீர்கள், என் தங்கங்களா.

காரின் கண்ணாடிகள் இறங்க மறுத்தன. உள்ளே அடுப்புச் சூடு. அந்தச் சூட்டில் ஒரு வாடை எழுந்தது... ஈரச் சாக்கு, ஊசிப்போன தலை எண்ணெய், வாரக்கணக்கில் கழற்றாத காலுறை, மூன்றையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்ததுபோல. சீட் குழிந்திருந்தது. நடுவில் இல்லை, இடது பக்கமாகச் சாய்ந்த குழி. அவள் எவ்வளவு நிமிர்ந்தாலும் உடம்பு இடப்பக்கமே சரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் மடியில் உட்கார்ந்த மாதிரி...

டிக்.

முதுகுக்குப் பின்னால். சின்னச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

டிக்.

வெயிலில் தகரம் விரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

லாரி ஜன்னலில் அவள் புருஷன் தலையை நீட்டினான். "எப்படி இருக்கு மகாராணி, சவாரி?"

"நாறுதுங்க!"

"இத்தனை வருஷம் குளிக்காம இருந்தா நீயும்தான் நாறுவே!"

லாரி ஓட்டியவன் டிங்கர். வண்டித் தகரத்தை வெட்டி, ஒட்டி, தட்டி நிமிர்த்துகிறவன். அவன் சிரித்த சிரிப்பில் லாரி குலுங்கி, கயிறு குலுங்கி, காரும் குலுங்கியது.

அவள் புருஷனுக்குக் கூட்டாளிகள் வைத்த பேர் ஒரிஜினல். பழைய வண்டி என்றால் உயிரை விடுவான். ஒரு திருகாணி தேய்ந்துபோனால் அதே வயதுத் திருகாணிக்கு மாதக்கணக்கில் அலைவான். புதுசு வாங்கிப் போட்டால் பாவம் பிடிக்கும் என்பதுபோல. மற்றபடி தங்கமான மனுஷன். ஒரே கெட்ட பழக்கம், நகம் கடிப்பது. பத்து வருஷக் குடித்தனத்தில் அவன் விரலில் வெட்டுகிற அளவுக்கு நகம் வளர்ந்து அவள் பார்த்ததில்லை.

காரை விற்ற வீட்டுக்காரி, அது நின்ற கொட்டகைப் பக்கமே வரவில்லை. வாசலில் நின்றபடி சாவியைத் தூக்கிப் போட்டாள். "அந்த முன் சீட்டை மட்டும் கழட்டி எரிச்சிடுங்க."

"ஒரிஜினல் சீட்டும்மா அது!" என்றான் இவன், பெற்ற பிள்ளையைப் பழித்துவிட்டாற்போல.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டை ஒட்டினாற்போல் காரேஜ். சமையலறைக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அங்கே கார் அக்குவேறு ஆணிவேறாகக் கழன்றது. இன்ஜின் சாமான்கள் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறின. டிங்கர் கதவுகளின் அடிப்பக்கத்தைச் சுரண்டினான். விரல் வைத்தால் உள்ளே போகிற அளவுக்குத் துரு.

"இதுமேலேயே பட்டி பூசி பெயின்ட் அடிச்சுடலாம்ண்ணே. பார்க்கப் பளபளன்னு இருக்கும். ஆனா ஆறே மாசம். உள்ளே இருக்கிறது கொப்புளமாக் கிளம்பிடும்."

"வெட்டு. துளி துரு இருக்கக் கூடாது. நல்ல தகரம் தெரியிற வரைக்கும் வெட்டு."

பார்த்தீர்களா... இரும்பு விஷயத்தில் எவ்வளவு தெளிவு அந்த மனுஷனுக்கு!

சீட் வேலை தையல்காரிக்கு. பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அந்தத் துண்டுகளையே அளவாக வைத்துப் புதுத் தோலை வெட்ட வேண்டும். கையுறை மாட்டிக்கொண்டு பிரித்தாள். நூல் அறுபடவில்லை, பிசுபிசுவென்று இழுபட்டது. முதுகும் அடியும் சேருகிற இடுக்கில் விரலை விட்டாள். மணல் மாதிரி ஏதோ நறநறத்தது. அள்ளி வெளியே போட்டாள்.

நகம்.

பிறை பிறையாக வெட்டின நகம், கண்ணுகளா. மஞ்சளாய், தடித்து, ஓரத்தில் அழுக்கோடு. கால் நகம்தான் அதிகம். அள்ள அள்ள வந்தது. ஒரு டம்ளரில் போட்டால் தலை தட்டும். உறையை முழுதாக உரித்தால் அடியில் கறுப்பாக முடித் திணிப்பு. அதன் நடுவே எண்ணெய்க் கறை, சமுக்காளம் மடித்த அகலத்துக்கு. தொட்டால் ஈரமில்லை. விரலை எடுத்தால் மட்டும் வழுவழுப்பு.

வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு ஓடினாள். காலையில் குடித்த காபிகூட மிச்சமில்லாமல் வெளியே வந்தது.

"தூக்கி எறியுங்க அதை. நுரை வாங்கிப் போட்டுத் தைக்கிறேன்."

"நுரையா? அந்தக் காலத்து வண்டிக்குக் குதிரைமுடிதான்டி. இந்தத் திணிப்பு இப்போ உலகத்துல எங்கே கிடைக்கும்?"

"நடுநடுவே நரைமுடி இருக்குங்க!"

"ஏன், குதிரைக்கு வயசாகாதா?"

டிங்கருக்கே முகம் சுளித்தது. "அண்ணே, அண்ணி சொல்றதும்..."

"நீ தகரத்தைப் பாருடா."

அந்தத் திணிப்பை ஒரிஜினல் தொட்டியில் போட்டு, ஷாம்பு விட்டு, மூன்று தண்ணீர் அலசினான். அவள் தலைக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றியிருப்பானா! நாலு நாள் மாடியில் காய்ந்தது. வாடை குறைந்தது என்னவோ நிஜம். பல்லைக் கடித்துக்கொண்டு புதுத் தோலுக்குள் வைத்துத் தைத்தாள். நகம் கிடந்த அந்த இடுக்கை இரட்டைத் தையல் போட்டு அடைத்தாள். இனி ஊசிகூட உள்ளே விழாது. திணிப்பில் இரண்டு கைப்பிடி மிஞ்சியது.

"நாள் பூரா அந்தக் கட்டை ஸ்டூல்ல உட்கார்ந்து இடுப்பு வலிக்குதுங்கிறியே..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அதை அவனே அவளுடைய தையல் மிஷின் ஸ்டூல் மெத்தைக்குள் திணித்துக் கொடுத்தான். பிரியத்தோடுதான். அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள். 'ஸ்டூலை மெத்துனு பண்ணியிருக்கேன் பாரு' என்று அவன் சொன்னதை, அவன் வாங்கி வைத்திருந்த பஞ்சு என்று நினைத்துக்கொண்டாள்.

கார் தயாரானது. கருநீலப் பெயின்டில் முகம் பார்க்கலாம். சீட் தோலைத் தவிர இன்னும் இரண்டே விஷயத்தில்தான் ஒரிஜினல் தன் கொள்கையைத் தளர்த்தினான். பிரேக்கைப் புதுசாக மாற்றினான், வெயிலுக்கு ஏசி வைத்தான். அந்த ஏசியை முதன்முதல் போட்டபோது பக்கத்தில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். குளிர்ந்த காற்றோடு வந்தது... ஈரச் சாக்கு. தலை எண்ணெய். காலுறை.

"வண்டியை நிறுத்துங்க!"

"என்ன?"

"உங்களுக்கு வரலியா?"

அவன் மூச்சை ஆழமாக இழுத்தான். "புதுத் தோல் வாசனைடி. அருமையா இருக்கு."

இறங்கி நடந்தே வீடு வந்தாள்.

ஒரு வாரத்தில் பார்த்தால், மேளம் போல இழுத்துத் தைத்த சீட்டில் குழி. இடது பக்கம் சாய்ந்த குழி. தையல்காரியாயிற்றே, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வைத்தாள். அகலம் பத்தொன்பது அங்குலம். அவள் புருஷன் ஒல்லி. அவனுக்குப் பதினாலு தாராளம்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக... வேலையிலிருந்து வந்ததும் நேரே காரேஜுக்குப் போவான். "கொஞ்சம் இன்ஜின் சத்தம் கேட்டுட்டு வரேன்" என்பான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பிறகு தட்டை அங்கேயே கேட்டான். சாதமும் குழம்பும் ஸ்டியரிங் மேல் சிந்திக் காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும். அவன், பெயின்டில் ஒரு கைரேகை விழுந்தால் சண்டைக்கு வருகிறவன்! குளியல் நின்றது. படுக்கையில் பக்கத்தில் படுத்தால் அந்த வாடை. தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு. அவன் கை மேலே பட்டால் அவள் விலகிப் படுத்தாள். பத்து வருஷமாகத் தேடித் தேடிப் பிடித்துத் தூங்கிய கை, கண்ணுகளா... அதுதான் கொடுமை.

ஒரு மாலையில் தட்டை எடுக்கப் போனாள். காரேஜில் அவன் இடப்பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது.

டிக்.

கையில் நகவெட்டி. இடது கை விரல்களைக் கால் முட்டிமேல் விரித்து வைத்திருந்தான். வெட்டின நகத்தை விரலால் ஒதுக்கி, முதுகுப்பக்க இடுக்கை நோக்கித் தள்ளினான்.

"உங்களுக்குத்தான் நகமே கிடையாதே..." என்றாள்.

"வளருதே" என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அவன் வேலைக்குப் போனதும், டிங்கரைக் கூப்பிட்டாள். "தம்பி, என் புருஷன் எனக்கு வேணும். அவ்வளவுதான். அந்தச் சீட்டைக் கழட்டு."

அவன் உடனே ஸ்பேனரை எடுத்தான். கழற்றிக் கொல்லைக்குத் தூக்கினான். தான் போட்ட இரட்டைத் தையலைத் தானே கத்தரியால் அறுத்தாள். அடைத்த இடுக்கு... அதுவரை நூல் பிரியாமல், தோல் கிழியாமல்... உள்ளே நிறைய நகம். மஞ்சள் இல்லை. வெள்ளையாய், புதுசாய், இளநகம். நரைமுடிக்கு நடுவே கறுத்த முடி, சுருட்டை. அவள் வீட்டுச் சீப்பில் தினமும் பார்க்கிற முடி.

பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள். முடி கருகுகிற வாடை உங்களுக்குத் தெரியுமே. அது மூன்று மணி நேரம் அடங்கவில்லை. டிங்கர் சுவரோரம் போய் இரண்டு தடவை வாந்தி எடுத்தான்.

அன்றைக்கே காரை விற்றவளுக்குப் போன் போட்டாள். அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டாள்.

"எங்க மாமனார்மா. வீட்ல எல்லார்கிட்டயும் கோவிச்சுக்கிட்டு அந்தக் கார்ல போய் உட்கார்ந்தார். நாலு வருஷம். இறங்கவே இல்லை. சாப்பாடு, தூக்கம், எல்லாமே அதுலதான். கிட்டப் போக முடியாது, அப்படி ஒரு நாத்தம். அதனாலேயே அவர் போனதுகூட... ஒன்பது நாள் எங்களுக்குத் தெரியாது."

"அவருக்கு அந்த வாடை..."

"அதான்மா அதிசயம். ஊருக்கே நாறும். உட்கார்ந்தவருக்கு மட்டும் வராது." குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டுக்காரருக்கு மூக்கு வேலை செய்யுதா?"

சாயங்காலம் ஒரிஜினல் வந்தான். காரேஜுக்குள் போனான். சீட் இருந்த இடத்தில் வெறும் தகரம். பெரிய சண்டைக்கு அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவன் வெளியே வந்து, தன் சட்டைக் காலரைப் பிடித்து முகர்ந்தான். முகம் கோணியது.

"சீ... என்னடி இது, என்மேலயா இப்படி நாறுது?"

அவள் அழுதுவிட்டாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மூன்று வாளி குளித்தான். மேஜையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ராத்திரி அவன் கையில் சோப்பு வாசனை. நாலே நாளில் நகத்தையும் கடிக்க ஆரம்பித்துவிட்டான். அவள் முதல்முறையாக அதற்குத் திட்டவில்லை.

காரை யாரோ வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். வீடு வீடாகியது. மூன்று மாதம் போயிற்று. தையல்காரிக்கு வேலை குவிந்தது. பள்ளிச் சீருடைகள். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. இடுப்பு வலிகூட இப்போது இல்லை. ஸ்டூல் அவ்வளவு மெத்தென்று இருந்தது. மத்தியானத் தட்டைக்கூட மிஷின் பலகையில் வைத்தே சாப்பிட்டுக்கொண்டாள்.

ஒரு நாள், பட்டப்பகல், ஒரிஜினல் சீக்கிரமே வந்துவிட்டான். அறை வாசலில் கால் வைத்தவன் அப்படியே நின்றான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"என்னடி... என்ன நாத்தம் இது?"

அவள் தையலை நிறுத்தி, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். வலது பக்கம், இடது பக்கம்.

"ஒண்ணும் வரலியே" என்றாள்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, தான் இடப்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருப்பது. நிமிரப் பார்த்தாள். உடம்பு வரவில்லை. வலது கையில் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி இருந்தது. காலையிலிருந்து டிக் டிக்கென்று அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மடி நிறையத் துணுக்கு. நூல் துணுக்கு என்றுதான் அத்தனை நேரமும் நினைத்திருந்தாள்.

குனிந்து மடியைப் பார்த்தாள்...

பிறை பிறையாக.