ஆறா, ஒம்பதா?

அறிவுச்செல்வி: ஏண்டா செந்தமிழா, இந்த மஞ்சப்பைக்குள்ள ஆறு ரெண்டு கெடக்குது. ஒம்பது எங்க?

செந்தமிழன்: இத்தன வருசங்கழிச்சு ஊட்டுக்கு வந்திருக்கற... காப்பியக் குடிக்காம தம்போலா நம்பர்க் கட்டைய நோண்டீட்டு!

அறிவுச்செல்வி: பேச்ச மாத்தாத.

செந்தமிழன்: இருவது மொகத் தாயக்கட்டை எடப்பாடில எங்க கெடச்சுது? நம்ம கதை ஆட்டத்துக்கு அத உருட்டறதுக்குப் பதிலாத்தான இந்தப் பைல கைய உட்டு நம்பர் எடுத்தோம். ஜெராக்ஸ் போட்ட ரூல் புக்கு, மந்திரக்காரி, டிராகன்... நம்மகூட ஆடுன முருகானந்தம் குக்கர் மூடியக் கேடயம்னு தூக்கீட்டு...

அறிவுச்செல்வி: உங்கம்மா அவனத் தொரத்துனாங்க. அய்யோ, என்ன சிரிப்பு! சரி... ஒம்பது எங்க?

செந்தமிழன்: தேஞ்சிருக்கும்.

அறிவுச்செல்வி: ஒம்பதுக்கு அடீல இருந்த கோடு மட்டுமா தேயும்? பிளேடுல சொரண்டுன மாதிரியல்ல இருக்குது.

செந்தமிழன்: முருகானந்தம் வேலையா இருக்கும்.

அறிவுச்செல்வி: கடைசி ஆட்டம். டிராகன் முன்னால என்ற மந்திரக்காரி மின்னல்கொடி நிக்கறா. ஏழாச்சும் வந்தாத்தான் பொழைப்பா. நான் எடுத்த கட்டையப் புடுங்கிப் பாத்துட்டு, "ஆறு, செத்துட்டா"ன்ன. கதை சொல்றவன் நீ. நம்புனேன்.

செந்தமிழன்: ஆறு தான்...

அறிவுச்செல்வி: என்ற கண்ணப் பாத்துச் சொல்லு.

செந்தமிழன்: அந்தப் பைய இங்க குடு.

அறிவுச்செல்வி: செந்தமிழா.

செந்தமிழன்: ஒம்பது.

அறிவுச்செல்வி: அடப்பாவி! எப்படா சொரண்டுன?

செந்தமிழன்: நீ அழுதுட்டு மூஞ்சி கழுவப் போனீல்ல... அப்ப.

அறிவுச்செல்வி: மின்னல்கொடி உன்னைய என்னடா பண்ணுனா?

செந்தமிழன்: புனேல வேலை கெடச்சத நீ மூச்சு உடல. உங்கம்மா தான் வந்து, "ஆட்டம் ஆட்டம்னு போகமாட்டீங்கறா சாமி"ன்னு அழுதாங்க. மின்னல்கொடி செத்தா நீ கெளம்பீருவேன்னு...

அறிவுச்செல்வி: தொரத்தி உட்டுட்டு நிம்மதியா இருந்தியாக்கும்?

செந்தமிழன்: நீ பஸ் ஏறுன அன்னைக்குச் சோறு எறங்கல செல்வி. அதையும் சொல்லல.

அறிவுச்செல்வி: ஆட்டத்துக்காகவா நான் போகாம நின்னேன்?

செந்தமிழன்: பின்னே?

அறிவுச்செல்வி: உன்ற ஊட்டுக்காரி உள்ள தான இருக்குது? கதவச் சாத்து.

செந்தமிழன்: சாத்தியாச்சு. சொல்லு.

அறிவுச்செல்வி: மின்னல்கொடி செத்தா புனேக்குப் போயர்றது. பொழச்சா, என்னையக் கட்டிக்கறயான்னு உங்கிட்டக் கேட்டுப்போடறது... அப்படி நெனச்சுட்டுத்தாண்டா அந்தப் பைக்குள்ள கைய உட்டேன்.