மாமியாருக்காகப் பேசியவன்

டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று நம் ஜனங்களுக்குத் தெரியாது. வயிற்றுவலி என்று போய் உட்கார்ந்தால், முந்தாநாள் வைத்த கருவாட்டுக் குழம்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், பேசத் தெரிந்தவன். அதனால்தான் என் மாமியார் சௌந்தரத்தை நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூருக்கு நானே அழைத்துப் போனேன்.

அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை முன்னால் மாமியார் வாய் திறக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நுழைந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே போனதும் வாய் நன்றாகவே வேலை செய்யும். "வாயை வச்சிப் பொழைக்கிற ஆளு, இவுருக்குப் போயி எம்பொண்ணக் குடுத்தேனே" என்று புது மாப்பிள்ளையான என் காதில் விழும்படி சொன்னவர். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீட்டு நின்று பல வருஷமான பிறகு மறுபடி ரத்தம் படுகிறது என்று மகளிடம் அழுதிருக்கிறார். என் மனைவி ஜோதிலட்சுமி, அம்மாவுக்குத் தெரியாமல், அன்றைக்கே என்னிடம் சொன்னாள். தானே அம்மாவோடு போவதாகவும் சொன்னாள். டாக்டர் இரண்டு கேள்வி கேட்டால் திருதிருவென்று முழிப்பாய், சும்மா இரு என்றேன்.

"என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் மாமியாரைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மூட்டுவலி, அசதி, வயசாகிவிட்டது இல்லையா என்று நான் சொன்னேன். சத்து மாத்திரை எழுதினார். அடுத்தடுத்த தடவையும் அதேதான். நான் ஒரு நிமிஷம் எழுந்து வெளியே போயிருந்தால் மாமியார் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. அத்தனை வாய் பேசியவர் என் வாயையே நம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

எல்லாம் சொல்லிவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லையாம் என்று ஜோதியிடம் சொல்வேன். அவளும் நம்பினாள். படிப்பு இருந்து என்ன, அம்மாவின் புத்திதான்.

நடக்க முடியாமல் போன பிறகு சிதம்பரத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஸ்ரீமதி என்று ஒரு சின்ன வயசு டாக்டர். எடுத்த எடுப்பிலேயே என்னை வெளியே நிற்கச் சொன்னாள். மரியாதை தெரியாத பெண். கர்ப்பப்பையில் புற்று, எங்கும் பரவிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். பொங்கலுக்கு முன்னாலேயே மாமியார் போய்விட்டார்.

சிதம்பரத்தில் அன்று டாக்டர் அறைக்குள் அவர் பேசியது வெளியே எனக்குக் கேட்டது. "எங்க மாப்ளைக்கு இது தெரிய வாணாம்மா. எனக்காக எவ்ளோ அலையுறாரு, பாவம். தெரிஞ்சா சங்கடப்படுவாரு."

தெரிந்தேதான் மறைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விஷயம் வெளியே வரக் கூடாது என்பது அவருடைய விருப்பம். அதைக் கடைசிவரை காப்பாற்றியது நான் ஒருவன்தான்.