படகில்லாத படம்

கலாட்டாவெல்லாம் பண்ண மாட்டேன் தம்பி, முதல்ல டீயைக் குடி. இன்னா, என் பேரைக் கேட்டதும் வீட்ல கல்லும் கம்புமா அடுக்கி வெச்சிருப்பேன்னு நெனச்சியா? எனக்கு ஆயுதம் நோட்டீஸுதான். பொன்னேரியில அச்சடிச்சு, பஸ்ஸுல குடுத்துக்கினே வருவேன். பாதிப் பேரு அதுல கருவாடு மடிச்சுக்கினு போயிடுவான். மீதிப் பேராவது படிச்சிருப்பான்னு இன்னும் நம்பிக்கினு இருக்கேன்.

சரி, நாளைக்குக் கூட்டத்துல நான் பேசக்கூடாது, அதானே? அதைச் சொல்லவா உன்னை இவ்ளோ தூரம் அனுப்பிச்சாங்க? பாவம், வெள்ளை ஷூ வேற மாட்டிக்கினு வந்துட்டே. காலைத் தூக்கி மேல வெச்சுக்கோ, எங்க ஊரு சேறு ஒட்டினா லேசுல போவாது.

உங்க பிளானைப் படிச்சேன். முழுசாத்தான் படிச்சேன், இன்னா அப்படிப் பாக்கறே? மெட்ராஸ் வளருதாம். மீஞ்சூரைத் தாண்டிச்சு, பொன்னேரியைத் தாண்டிச்சு, இப்போ எங்க ஏரிக்குள்ளயே எறங்கப் போவுதாம். எறங்கட்டும். நீச்சல் தெரியுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. எங்க ஊருக்கு நேரா இருக்கற தண்ணிக்கு இன்னா பேரு வெச்சிருக்கீங்க? பயன்பாட்டில் இல்லாத நீர்ப்பரப்பு. நல்ல தமிழ்தான். அதைத் தூர்த்துட்டு கன்டெய்னர் யார்டு.

மேலருந்து போட்டோ எடுத்தோம், ஒரு படகுகூட இல்லன்றே. இல்லதான். இருந்துச்சுன்னு நான் சொன்னனா? அந்த ட்ரோன் சுத்துனதை நானும் பாத்தேன். அன்னிக்கு ஊர்ல சாவு தம்பி. சாவு உழுந்தா இங்க ஒருத்தனும் வலையை எறக்க மாட்டான். கையால இறால் தடவுற பொம்பளைங்ககூட தண்ணிக்குப் போவ மாட்டாங்க. உங்க ஆபீஸ்லயும் பெரிய ஆளு யாராச்சும் செத்தா லீவு உடுவீங்களே, அன்னிக்கு நான் வந்து ஒரு போட்டோ எடுத்து, இது பயன்பாட்டில் இல்லாத கட்டடம்னு சொல்லி, மாட்டுக் கொட்டாய் போட்டுக்கட்டுமா?

சிரிக்கறே. சிரி. உங்க மேடம் சிரிப்பாங்களா? நாளைக்கு மேடையில அந்தப் படத்தைக் காட்டி விளக்கப் போறது அவங்கதானே. கெட்டிக்காரிதான், பிளான்ல ஒரு எழுத்துப் பிழை இல்ல. உன்னை இந்த வீட்டுக்கு அனுப்புனதும் அவங்கதான்னு எனக்குத் தெரியும். வேற ஆபீசரா இருந்தா போலீஸை அனுப்பியிருப்பான்.

கூட்டத்துக்கு வருவேன், பேசவும் செய்வேன். நாப்பது வருஷத்துல மைக்கைப் பாத்துட்டு நான் சும்மா திரும்பினதில்ல. எத்தினியோ கலெக்டரை ஏசி ரூம்லயே வேர்க்க வெச்சிருக்கேன். ஆனா இந்த ஒண்ணை மட்டும் மைக்குல கேக்க எனக்கு வாய் வராது. அதனால நீ இன்னிக்கே போய்ச் சொல்லிடு. திருத்தறதா இருந்தா கூட்டத்துக்கு முன்னாடியே திருத்திக்கட்டும். இன்னான்னா, போட்டோ எடுத்த தேதியை அவ பாக்கலபோல, பாக்கச் சொல்லு. யாரைன்னு கேக்கறியா? எப்சிபாவைத்தான், உங்க மேடத்தை. என் பொண்ணு தம்பி. அன்னிக்குத்தான் அவ அம்மாவை அடக்கம் பண்ணோம். தலைக்கு மேல இன்னா நைனா சத்தம்னு அவதான் என்னைக் கேட்டா.