வளைந்த குச்சி நேராகத் தெரியும் பக்கம்

பதுளையில் மழைக்காலத்தில் படத்தகடு காயவைப்பது பெரும்பாடு, டாக்டர். கண்ணாடியில் பூசிய மருந்து ஈரத்தில் வழுகி இறங்கிவிடும். அதனால் என் போட்டோக் கடையின் பின்னறையில் எப்போதும் கரி எரிந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள், குளிருக்கு இதமாக இருக்கும்.

மேசைமேல் நீங்கள் வைத்த எலும்பைப் பார்த்தேன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அங்கம்மாவின் முன்கை எலும்பு. அந்தக் கையை வெட்டி எடுத்தவர் நீங்கள். நேராக இருக்கிறது என்று நான் நீதிமன்றத்தில் காட்டிய எலும்பு ஏன் வில்லாக வளைந்திருக்கிறது என்று கேட்கிறீர்கள். விளக்குவது எளிது.

வளைந்த குச்சி ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்தால் வளைவு தெரியும். அதே வளைவு உங்கள் முகத்தை நோக்கி வரும்படி திருப்பிப் பிடித்தால் குச்சி நேராகிவிடும். எக்ஸ்ரே படம் என்பது நிழல்தான். கதிர் சதையைக் கடந்துபோகும், எலும்பில் தடைபடும், தடைபட்ட இடம் தகட்டில் பதியும். நிழலுக்கு ஆழம் கிடையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

அங்கம்மா சரிவில் விழுந்து கை ஒடிந்தாள். தோட்டத்து டாக்டர் கோணலாக வைத்துக் கட்டினார். பிறகு விரல்கள் மடங்கவில்லை. காலைப் பெரட்டில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும்போது அவள் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வேலை இல்லாதவளுக்குத் தோட்டத்து லய வீடுகளில் அறையும் இல்லை. அவள் அந்தத் தோட்டத்து டாக்டர்மேல் நட்டஈட்டு வழக்குப் போட்டாள். தீர்ப்பு வரும்வரைதான் அவளும் மகளும் அந்த அறையில் இருக்கலாம் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

இந்த ஊவா மாகாணத்தில் எக்ஸ்ரே இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நீதிமன்றம் என்னை நிபுணர் சாட்சியாக ஏற்றது. இயந்திரம் என்னுடையதல்ல. தோட்டத்துத் துரைமார் சேர்ந்து வாங்கி என் பொறுப்பில் விட்டது. வழக்கில் தோட்டத்து டாக்டர் தோற்றால் அதைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று காதில் விழுந்தது. அது போய்விட்டால் இந்த மலையில் எத்தனை பேருடைய எலும்பு பார்க்கப்படாமல் போகும் என்று யோசித்தேன். நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

அவள் வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தாள். "என் கல்யாணத்துக்கே யாரும் படம் புடிக்கல மொதலாளி. இப்ப மூஞ்சிய விட்டுட்டுக் கையப் புடிக்கிறீங்களே."

"மூஞ்சிக்கு வேற காசு புள்ள. அசையாம இரி" என்றேன்.

முதல் படத்திலேயே வளைவு அப்படியே விழுந்தது. மிக நல்ல படம். அதன் பூச்சைச் சுரண்டிவிட்டு அந்தக் கண்ணாடியை ஜன்னலில் பொருத்தினேன். உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அப்புறம் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி இன்னொன்று எடுத்தேன். இன்னும் கொஞ்சம் திருப்பி மற்றொன்று. ஒவ்வொரு தடவையும் கை நெடுநேரம் கதிர்க் குழாயின் கீழே கிடக்கவேண்டும். மறுநாளும் வரச் சொன்னேன். அதற்கு மறுநாளும். வேண்டிய கோணம் சுலபத்தில் அகப்படாது. கடைசியில் எலும்பு நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

சில நாள் கழித்து வாசலில் வந்து நின்றாள். "நெருப்பும் இல்ல, சூடும் இல்ல. கை மட்டும் வேகுதுங்களே மொதலாளி."

"ஒண்டும் ஆகாது. தேங்காயெண்ணெ பூசு."

என் விரல்நுனிகள் அதற்கு முந்திய வருடமே வெடித்திருந்தன. கதிர் படாமல் ஈயத்தகட்டுக்குப் பின்னால் நின்று வேலை செய்ய அப்போதே பழகிக்கொண்டேன்.

வழக்கு நாளில் அவள் கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது. மஞ்சளாக நீர் கசிந்து, துணி தோலோடு ஒட்டிப்போயிருந்தது. கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கக்கூடியவன் நான். அந்த வாடை வேறு. நீதிபதி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அவளைக் கதவோரம் நிற்கச் சொன்னார். கட்டைப் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆகவே கையை ஒருவரும் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார்கள்.

"வேறு பக்கத்திலிருந்து எடுத்தால்?" என்று அவளுடைய வக்கீல் கேட்டார்.

"எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் அதே எலும்புதான்" என்றேன்.

புண் எப்படி வந்தது என்று தோட்டத்து டாக்டரின் வக்கீல் கேட்டார். தோட்டத்து ஆட்கள் கண்ட பச்சிலையையும் கட்டுவார்கள் என்றேன். கட்டத்தானே செய்கிறார்கள். பணத்துக்காகத் தானே புண்ணாக்கிக்கொண்டாள் என்று நீதிபதி முடிவுசெய்தது அவர் பாடு. அங்கம்மா கதவோரத்திலிருந்து என்னையே பார்த்தாள். "மொதலாளிக்குத் தெரியுமே" என்றாள். அதை மொழிபெயர்க்கச் சொல்லி நீதிபதி கேட்கவில்லை.

அவள் வழக்குத் தோற்றது. அன்று பின்னேரமே லயத்து அறையைப் பூட்டிவிட்டார்கள். தாயும் மகளும் மொனராகலைப் பாதையில் நடந்துபோனதாகக் கேள்வி. பிறகு அவள் உங்களிடம் வந்து சேர்ந்தது இந்த எலும்பைப் பார்த்துத்தான் தெரியும். அவள் கை வைத்துப் படுத்த மெத்தைத் துணியை நான் எரித்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த வாடையால்தான்.

யோசித்துப் பாருங்கள், நான் சொன்ன ஒரு வாக்கியமும் பொய்யில்லை. இயந்திரம் இன்றும் பதுளையில் இருக்கிறது.

என் விரலிலும் அதே புண் ஆழமாகப் போகிறது, எலும்பு வரை போயிற்றா என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வெட்டுவதா விடுவதா என்று சொல்கிறேன் என்கிறீர்கள். நல்லது. சீக்கிரம் முடித்துவிடுங்கள், கை அதிக நேரம் குழாயின் கீழே இருக்கக் கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் எடுங்கள், டாக்டர். ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் கையைப்பற்றி முடிவுசெய்வது நியாயமில்லை.