பிளாஸ்திரி போட்ட விரல்

உங்கள் ஸ்டேஷன் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். ஆறு மாதம் சரோஜம் மாமி கையால் காப்பி குடித்த நாக்கு, அதனால் சொல்கிறேன். குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் திரவியம். மணக்காட்டில் கார் எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மார்த்தாண்டத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம். அத்தனை வருஷமும் என்னை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழன் என்றால் 'பாண்டி'தான், அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பேன். ஸ்ரீவராகத்தில் சேஷன் சார், மாமி வீட்டில்தான் நான் திரவியம் ஆனேன்.

அவர்கள் கார் மஸ்கட்டில் இருக்கும் மகன் வாங்கித் தந்தது. சாவியின் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப் இருக்கும். சாவியைத் திருப்பும்போது அது பக்கத்தில் இருந்தால்தான் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இரண்டு விநாடி உறுமிவிட்டு அணைந்துவிடும். போன ஆயுத பூஜைக்கு மாமி சாவிக்குச் சந்தனம் வைத்தார். மறுநாள் அதை அலசும்போது கல்லில் விழுந்து தலை பிளந்துவிட்டது. நான் ஒட்டித் தந்தேன். சிப் மட்டும் பசையோடு என் விரலிலேயே நின்றுவிட்டது. அது மறதி, சார். சத்தியமாக மறதி.

மறுநாள் கார் கிளம்பவில்லை என்று கூப்பிட்டார்கள். நான் போய்த் திருப்பினேன். கிளம்பியது.

“உன் கைராசியே தனி, திரவியம். நீ தொட்டாத்தான் அது கேக்கறது” என்றார் மாமி.

அன்று என் கால் தரையில் பாவவில்லை. ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். விரலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிப்பைத் திரும்ப வைப்பது ஐந்து நிமிஷ வேலை. நான் அதை ஆள்காட்டி விரலில் வைத்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டேன். மெக்கானிக் விரலில் பிளாஸ்திரி இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள். மாமி மட்டும் கேட்பார், புண் இன்னும் ஆறவில்லையா என்று.

அதன்பின் எங்கே போனாலும் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். நான் சாவியைத் திருப்பிவிட்டுப் பின் சீட்டுக்குப் போவேன். சேஷன் சார் ஓட்டுவார். பொன்முடி போன அன்று கல்லாற்றில் மாமி எனக்கும் ஒரு பொட்டலம் தயிர் சாதம் தந்தார். அதற்குள் மாவடு வைத்திருந்தார், சார்.

சேஷன் சாருக்கு மட்டும் சந்தேகம். “கைராசியாவது, மண்ணாவது. வெள்ளிக்கிழமை கார் கம்பெனி சர்வீசுக்கே எடுத்துண்டு போய்க் காட்டறேன்” என்றார்.

வியாழக்கிழமை ஹர்த்தால். ஆட்டோ இல்லை, டாக்சி இல்லை. காலை ஒன்பதுக்கு மாமி போன் செய்தார்.

“திரவியம், அவருக்கு மாரை அடைக்கறதுங்கறார். வண்டி கெளம்பிக் கெளம்பி அணையறது. பக்கத்தாத்து அழகியநம்பி ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமாங்கறார்.”

“வேற ஆரையும் விளிக்காண்டாம், மாமி. நான் இருக்கேம்லா. இப்ப வந்துருவேன்.”

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. ஊரே கதவடைத்துக் கிடக்கிறது, ஒரு வீட்டுக்கு நான் மட்டும் வேண்டும். தலைகால் புரியவில்லை. முகச்சவரம் செய்துகொண்டேன். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டேன். பழைய பிளாஸ்திரி அழுக்காக இருந்ததால் புதிது சுற்றினேன். போன் இன்னும் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை, அது அடிப்பதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. பத்து நிமிஷ நடை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று அழகியநம்பி இன்னொரு தடவை கேட்டாராம். “திரவியம் வந்துண்டிருக்கான்” என்று மாமி சொல்லிவிட்டாராம். என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை, சார்.

சேஷன் சாரைப் பின் சீட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். சாவியைத் தொட்டேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் மூச்சு அதற்கு முன்பே நின்றிருந்தது. வெகுநேரம் வண்டி ஓடிக்கொண்டே நின்றது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பதின்மூன்றாம் நாள் கழிந்து போனேன். அந்தத் துக்கத்திலும் மாமி என் விரலைப் பார்த்தார். மஞ்சள் குழைத்து எடுத்துவந்து, “பிரி, பாக்கலாம்” என்றார். மாமி சொல்லி நான் எதையும் மறுத்ததில்லை. பிரித்தேன். அடியில் புண் இல்லை. அதிலிருந்து விழுந்ததைக் குனிந்து எடுத்த, மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மகன்தான் அது என்னவென்று சொன்னான். மாமி மஞ்சள் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும். என் கை பட்டு அந்தக் கார் ஒரு நாளும் கிளம்பாமல் இருந்ததில்லை. அன்றைக்கும் ஒரே திருப்புதான். கைராசி இல்லாமல் அது எப்படி, சார்?